இராகுலன் கேட்ட தாயம்

மைசூரில் நம் சங்கத்தார் ஞாயிறுதோறும் கூடித் திரிசரண பஞ்சசீலம் ஓதியபின், சிறிது நேரம் தம்மத்தைக் குறித்து உரையாடுவது வழக்கம். அண்மையில் அவ்வாறு கூடியிருந்தபோது முதிய உபாசகர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை வைத்தார். "தாயின் அரவணைப்பில் நம்மவருள் ஒருவனாகவே வளர்ந்த பிள்ளை ஒருவன், பிறந்தது முதல் முகமே காணாத தன் தகப்பனை நடுவயதுக்குமேல் தேடிக் காண்கிறான். அத்தகப்பன் வெள்ளைக்காரர். அன்று முதல் அந்தப் பிள்ளை யார்? நம்மவனா, அவர்களைச் சேர்ந்தவனா?"

யாரை மனத்தில் வைத்து இதனைக் கேட்டார் என்று நாம் வினவவில்லை. அவர் குரல் தழுதழுத்ததைக் கேட்டபின் வினவ மனம் வரவில்லை. கோலார் தங்கவயலிலிருந்து வந்து மைசூரில் தங்கிவிட்ட குடும்பங்கள் நம்முள் உண்டு. 1880ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கிய காலமுதல், பங்களாக்களில் துரைமாரும் லைன் குடிசைகளில் வட ஆர்க்காட்டுத் தமிழரும் பல தலைமுறை அருகருகே வாழ்ந்தனர். ஆகவே இவ்வினா ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று.

உடனே இரு விடைகள் வந்தன. படித்த இளைஞர் ஒருவர், "சட்டப்படி தகப்பன்வழியே கணக்கு; அவர் ஆங்கிலோ இந்தியர்" என்றார். மற்றொருவர் அதனை மறுத்து, "தாய் நம்மவள்; பூர்வ பௌத்தரின் உதிரம் அவன் உடலில் ஓடுகிறது; ஆகவே நம்மவனே" என்று அன்பொழுகச் சொன்னார். கூட்டத்தார் இரண்டாமவர் சொல்லுக்குத் தலையசைத்தனர். நாமும் அசைத்தோம். வீடு திரும்பிய பிறகுதான் நெஞ்சு உறுத்தியது. இருவரும் உதிரத்தையே நிறுத்துப் பார்த்தனர். ஒருவர் தட்டில் தந்தையை இட்டார், மற்றவர் தாயை இட்டார், தராசு ஒன்றே. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் அத்தராசை வேண்டாமென்று எறிந்துவிட்டன்றோ நம் முன்னோர் பகவானைச் சரணடைந்தனர்? எறிந்ததை நாமே கொல்லைப்புறமாக எடுத்துவந்து உள்ளே வைத்துக்கொண்டோமோ என்ற ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம் அரசியலமைப்பின் 366ஆம் பிரிவு ஆங்கிலோ இந்தியர் என்பவருக்கு இலக்கணம் கூறுகிறது. தந்தையேனும் தந்தைவழி ஆண் முன்னோருள் ஒருவரேனும் ஐரோப்பிய வமிசத்தவராய் இருத்தல் வேண்டும். அத்துடன், தற்காலிகக் காரியமாக வந்து தங்கியவரன்றி, இந்நாட்டில் வழக்கமாக வசித்துவந்த பெற்றோருக்கு இங்கே பிறந்திருத்தலும் வேண்டும். தாய் எவ்வினத்தவள் என்ற பேச்சே அதில் இல்லை. ஒப்பந்தத்தின்மேல் வந்து சில ஆண்டு வேலைபார்த்துத் திரும்பிய துரைக்குப் பிறந்தவனைச் சட்டம் ஏற்குமா என்பதே ஐயத்துக்குரியது. நம் இளைஞர் அத்துணை உறுதியாகச் சொன்ன விடை அந்தப் பிள்ளைக்கு ஓரிடத்தையும் தேடித் தரவில்லை. இவ்வகுப்பினருக்கென நாடாளுமன்றத்தில் இருந்த நியமன இடங்களும் 2020 ஜனவரியோடு முடிந்துபோயின.

இந்தக் கணக்கு எவ்வளவு நிலையற்றது என்பதற்குக் கும்பெனியாரின் வரலாறே போதும். 1687ஆம் ஆண்டில் அவர்கள் சென்னைக் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்துகொள்வதை ஊக்குவிக்குமாறும், பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்குமாறும் சொன்னார்கள். நூறாண்டு கழிந்தது. 1791இல் அதே கும்பெனியார், இந்தியத் தாய்க்குப் பிறந்த மகன் எவனையும் தம் சிவில், இராணுவ, கடற்படை உத்தியோகங்களில் அமர்த்தலாகாது என்று தீர்மானித்தனர். நான்காண்டு சென்றபின், இருபுறமும் ஐரோப்பியராகாதவர் படையிலே குழலூதவும் முரசடிக்கவும் வாத்தியம் வாசிக்கவும் குதிரைக்கு லாடங்கட்டவும் மட்டும் தகுதியுடையவர் என்றாயிற்று. முரசடிக்கும் வேலையை உலகம் யாருக்கு ஒதுக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே உதிரம்தான், ஒரு நாள் அதற்கு ஒரு வராகன் விலை, மற்றொரு நாள் அது தீட்டு.

இனி, இவ்வினாவுக்குள் சிக்கி வாழ்ந்த ஓர் உயிரைக் காண்போம். மைசூருக்கு வடக்கே பத்து மைலளவில் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் 1799 மே 4ஆம் நாள் வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டார். அதன்பின் மைசூர் நாட்டைப் பங்கிட்டுச் சிறுவரான கிருஷ்ணராஜ உடையாரை அரியணையேற்ற அமைந்த குழுவில் வில்லியம் கிர்க்பாட்ரிக் என்பவரும் ஒருவர். அவருக்குத் தந்தைவழித் தம்பியான ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக், அப்போது ஐதராபாத்தில் கும்பெனியின் ரெஸிடெண்டாக இருந்தார். அவர் நிஜாமின் பிரபுக்கள் குடும்பத்துப் பெண்ணான கைருன்னிசாவை முஸ்லிம் முறைப்படி மணந்தார். 1801இல் ஒரு மகனும் 1802இல் ஒரு மகளும் பிறந்தனர். மகளுக்கு நூருன்னிசா என்று பெயர்.

1805இல் அவ்விரு குழந்தைகளையும் படிப்புக்கென்று சென்னைத் துறைமுகத்திலிருந்து சீமைக்குக் கப்பலேற்றினர். புறப்படுமுன் ஜார்ஜ் சின்னரி என்னும் ஓவியர் இருவரையும் ஐதராபாத் உடையிலேயே படமாக வரைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் தந்தை கல்கத்தாவில் இறந்தார். இலண்டன் சேர்ந்த குழந்தைகளுக்கு 1806இல் ஞானஸ்நானம் செய்வித்தார்கள். நூருன்னிசா காதரின் ஆனாள். வீட்டில் கிட்டி என்றழைத்தனர். தாய்க்குக் கடிதம் எழுத அவர்களுக்கு இடங்கொடுக்கப்படவில்லை. அத்தாயோ, கணவருக்குப்பின் அவருடைய உதவியாளராயிருந்த ஹென்றி ரஸ்ஸல் என்பவரை நம்பிக் கைவிடப்பட்டு, 1813இல் முப்பது வயதும் நிறையாமல் மாண்டாள். மக்களின் முகத்தை மறுபடி அவள் காணவேயில்லை.

கிட்டி வளர்ந்தாள், ஓர் இராணுவ அதிகாரியை மணந்தாள், கார்லைல் என்ற பேரறிஞர் இளமையில் அவள்மீது மனம் வைத்திருந்தார் என்பர். சீமையில் அவளுக்குக் குறையொன்றும் இருந்ததாகத் தோன்றாது. ஆயினும் ஏறத்தாழ நாற்பது வயதில், அந்த ரஸ்ஸலின் மாளிகைக்கு ஒரு நாள் சென்றவள், சுவரில் சின்னரி வரைந்த அப்படம் தொங்குவதைக் கண்டாள். கண்டவுடன் கதறி அழுதாள். பின்னர்த் தன் பாட்டி ஷரபுன்னிசா ஐதராபாத்தில் இன்னும் உயிரோடிருப்பதை அறிந்து, 1841இல் அவளுக்குக் கடிதம் எழுதினாள். பாட்டி பாரசீகத்தில் விடை எழுதுவித்தாள். முப்பத்தாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அவ்விருவரும் கடிதத்தில் சந்தித்தனர், நேரிலன்று. 1847இல் பாட்டி மறைந்தாள்.

அக்கடிதங்களை வில்லியம் டால்ரிம்பிள் 2002இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். பிரிந்த நாளில் தாய் எங்கே அமர்ந்திருந்தாள், எவ்வாறு நீண்ட கூந்தலைப் பிய்த்துக்கொண்டு அழுதாள் என்பதையெல்லாம் கிட்டி நினைவுகூர்கிறாள். கனவிலே தாயைக் காண்பதுண்டாம். கண்டு மகிழ்ந்து பேசத் தொடங்கினால், தான் பேசும் ஆங்கிலம் தாய்க்கு விளங்காமல் போகிறதாம். இந்த ஓரிடத்தில் நாம் நூலை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் இருந்தோம். தான் முகலாயப் பெண்ணா, ஆங்கிலேயப் பெண்ணா என்ற ஆராய்ச்சி அக்கனவில் இல்லை. தாய் ஊட்டியிருக்க வேண்டிய மொழி ஊட்டப்படவில்லை. அதுதான் அவள் இழப்பு. உதிரம் முழுவதும் அவளிடம் இருந்தது; அதிலிருந்து ஒரு சொல்லும் முளைக்கவில்லை.

தன் பிறப்பை வயது வந்தபின் அறிந்தவன் கதை நம் நூல்களிலும் உண்டு. அது கொடிய கதை. கோசல மன்னன் பசேனதி சாக்கியர் குலத்தில் பெண் கேட்டான். மறுக்க அஞ்சிய சாக்கியர், கொடுக்கவும் மனமின்றி, மகாநாமன் என்பவனுக்கும் நாகமுண்டை என்ற அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த வாசபக்கத்தியையை அரசகுமாரி என்று சொல்லி அனுப்பினர். அவள் வயிற்றில் பிறந்தவன் விடூடபன். பதினாறாம் வயதில் தாய்வழிப் பாட்டனாரைக் காண ஆவலோடு கபிலவத்துவுக்குப் போனான். தங்கள் சிறுவர்கள் அவனை வணங்க நேராதிருக்கும்பொருட்டு, சாக்கியர் அவர்களை முன்னதாகவே ஊரைவிட்டு அனுப்பிவிட்டனர். விடூடபன் விடைபெற்றபின், அவன் அமர்ந்திருந்த பலகையை, "அடிமைப் பெண்ணின் மகன் உட்கார்ந்த இடம்" என்று வைதுகொண்டே ஒருத்தி பாலும் நீரும் இட்டுக் கழுவினாள். மறந்துவிட்ட ஆயுதத்தை எடுக்கத் திரும்பிய வீரன் அதனைக் கேட்டு வந்து சொன்னான். அப்பலகையைச் சாக்கியர் கழுத்துக் குருதியால் கழுவுவேன் என்று விடூடபன் சூளுரைத்தான். சொன்னபடியே செய்தும் முடித்தான். பகவான் மும்முறை எல்லையிலே நிழல் மெலிந்த மரத்தடியில் அமர்ந்து, சுற்றத்தாரின் நிழலே குளிர்ச்சி என்று சொல்லி அவனைத் திருப்பினார் என்றும், நான்காம் முறை அவர் செல்லவில்லை என்றும் கதை கூறும்.

செய்தி அறிந்த பசேனதி முதலில் மனைவியையும் மகனையும் சிறப்பிழக்கச் செய்தான். அப்போது பகவான், தாயின் குலம் பொருட்டன்று, தந்தையின் குலமே அளவை என்று பண்டைய அறிஞர் கருதியதாகச் சொல்லி, விறகு பொறுக்கும் பெண்ணின் மகன் அரசனான ஜாதகக் கதையைக் கூறி அவர்களை முன்னிலையில் நிறுத்தினார் என்கிறார்கள். நாம் மறைக்க விரும்பவில்லை: இவ்விடை நமக்கு நிறைவு தரவில்லை. இது ஜாதக உரையில் வருவது. ஓர் அரசனின் காதுக்கு ஏற்ற மருந்தாக, அவன் ஏற்கும் அளவையைக் கொண்டே அவன் கொடுமையைத் தடுத்ததாகக் கொள்ளலாம். 366ஆம் பிரிவின் கணக்கும் இதுவேயன்றோ! தாயைக் கழித்துவிட்டு மகனைக் காப்பாற்றும் நியாயம் அது. பகவானின் கருத்தை முழுமையாக அறிய விரும்புவோர் வாசெட்ட சுத்தத்தையும் அஸ்ஸலாயன சுத்தத்தையும் படிக்கவேண்டும். புல், பூச்சி, மீன், பறவை ஆகியவற்றுக்கு இனக்குறிகள் உண்டு, மனிதருக்குள் அத்தகைய குறியில்லை என்கிறது முன்னது. பின்னதில் அசித தேவலர் ஏழு பிராமண முனிவரை நோக்கி, உங்கள் தாயும் தாயின் தாயும் ஏழு தலைமுறைவரை பிராமணரையன்றி வேறெவரையும் அடைந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறார். தெரியாது என்கின்றனர். முடிவில், தாங்கள் யார் என்பதே தங்களுக்குத் தெரியாது என்று எழுவரும் ஒப்புக்கொள்கின்றனர்.

இன்றைய விஞ்ஞானமும் அப்பக்கமே நிற்கிறது. ஐதராபாத் ஆய்வு நிலையத்தாரும் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து 2009இலும் 2013இலும் வெளியிட்ட மரபணு ஆராய்ச்சிகள், இந்தியப் பெருநிலத்து வகுப்பார் ஏறக்குறைய எல்லோரும் தொல்பழங்கால இனங்கள் இரண்டின் கலப்பே என்றும், அக்கலப்பு சற்றேறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாக நடந்தது என்றும் காட்டின. டாக்டர் அம்பேத்கர் 1936லேயே, அந்நிய இரத்தம் கலவாத வகுப்பு இங்கே அரிது என்ற பண்டார்கரின் ஆராய்ச்சியை எடுத்துக்காட்டிச் சாதிக்கு இனக்காரணம் கற்பிப்போரை மறுத்தார். இவை நமக்கு உவப்பானவை. ஆனால் இவற்றின்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுவது நன்றன்று. நாளையே வேறோர் ஆராய்ச்சி எழுந்து, நாம் கலவாதவர் என்று சொன்னால், அந்தப் பிள்ளைக்கு நம் வாயிலை அடைத்துவிடுவோமா?

இங்கேதான் நம்மைப்பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பண்டித அயோத்திதாசர் 1898இல் நிறுவிய சங்கத்துக்குச் சாக்கிய பௌத்த சங்கம் என்று பெயர். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் சுரங்கத் தொழிலாளர் தம் கூலியில் மிச்சம் பிடித்து அதன் கிளைகளை வளர்த்தார்கள். நாம் இந்நாட்டின் பூர்வ பௌத்தர், நம்மை இழிந்தோராக்கியது பின்வந்த சூழ்ச்சி என்று பண்டிதர் சொன்ன சொல், குனிந்த முதுகுகளை நிமிர்த்தியது. அதன் பெருமையை நாம் ஒருநாளும் குறைத்துப் பேசோம். ஆயினும் அவர் பிறப்பைக் கொண்டா மனிதரை அளந்தார்? ஒழுக்கத்தால் பிராமணரானவரை யதார்த்த பிராமணர் என்றும், பிறப்பைக் காட்டித் திரிவோரை வேஷ பிராமணர் என்றும் பிரித்தவர் அவர். பூர்வ பௌத்தர் என்பது நம்மிடமிருந்து பறிபோன வரலாற்றின் பெயர். அதனை உதிரத்தின் பெயராக மாற்றிக்கொண்டால், பலகையைப் பாலால் கழுவிய சாக்கியரின் பெயருக்குத்தான் நாம் வாரிசாவோம். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் சரணடைந்தபோது, அவரவர் பாட்டன் யாரென்று கேட்கப்படவில்லை, உறுதிமொழிதான் கேட்கப்பட்டது.

ஆனால் பிறப்பு பொருட்டன்று என்று சொல்லிவிட்டால் அந்த முதியவருக்கு விடை சொன்னதாகுமா? ஆகாது. தகப்பனைத் தேடிய பிள்ளையின் ஏக்கம் பொய்யன்று. அதனை அறியாமை என்று ஒதுக்குவோர், இராகுலன் கதையை மறந்தவர்.

பகவான் கபிலவத்துவுக்குத் திரும்பியபோது இராகுலனுக்கு வயது ஏழு என்பர். தாய் அவனுக்குத் தந்தையைச் சுட்டிக்காட்டி, "அவரே உன் தந்தை, சென்று உன் தாயத்தைக் கேள்" என்று அனுப்பினாள். சிறுவன் அருகிற் சென்று நின்று, முதலில் சொன்னது, அவருடைய நிழல் இனிதாயிருக்கிறது என்பதே. பிறகு, தாயத்தைத் தருக என்று கேட்டுக்கொண்டே பின்தொடர்ந்தான். பகவான் சாரிபுத்தரை அழைத்து அவனைச் சங்கத்திற் சேர்த்தார். பிற மதத்தார் நம்மைக் கேட்பதுண்டு: ஏழாண்டு விட்டுச்சென்ற தந்தை, திரும்பி வந்து பிள்ளையையும் தாயிடமிருந்து கொண்டுபோனது அறமோ என்று. அதற்கு நாம் அவசரப்பட்டு விடை சொல்ல வேண்டியதில்லை. விநய நூல் தானே அந்த வலியை மறைக்காமல் வைத்திருக்கிறது. சுத்தோதனர் வந்து, மக்கட்பாசம் தோலையும் சதையையும் எலும்பையும் துளைத்து மூளைவரை செல்கிறதென்று முறையிட்டார். பகவான் அம்முறையீட்டை ஏற்று, பெற்றோரின் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் சங்கத்திற் சேர்க்கலாகாதென்று விதித்தார். ஒரு தாத்தாவின் கண்ணீர் விதியாயிற்று.

இராகுலன் பெற்ற தாயம் யாது? அம்பலட்டிகையில் பகவான் அவனுக்கு ஒரு பாத்திரத்தில் அடியிற் சிறிது நீரை மிச்சம் வைத்துக்காட்டி, அறிந்தே பொய் சொல்ல நாணாதவனிடம் துறவு இவ்வளவே எஞ்சும் என்றார். அந்நீரைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்தும் காட்டினார். அருகமர்த்தி, குழந்தைக்கு விளங்குமாறு ஒரு தந்தை மகனுக்குச் சொல்லும் சொல் அது. கிட்டிக்குக் கிடைக்காமற்போனதும் இதுதான். உதிரம் தானே வந்து சேரும். தாயம் கையால் கொடுக்கப்பட்டாலன்றி வாராது.

நம் மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரனுக்குப் பெற்றோர் இருவருமே கொடுக்கவில்லை. வாரணாசியிலிருந்து குமரியாட வந்த சாலி அவனை வழியிலே ஈன்று விட்டுச்சென்றாள். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிற்று. இளம்பூதி என்ற அந்தணன் எடுத்து வளர்த்தான். வேள்விப்பசுவை அவன் விடுவித்தபோது, அந்தணர் அவன் பிறப்பை அவையிலே அம்பலமாக்கினர். அவனோ நகைத்தான். முனிவர் பலருடைய பிறப்பைத் திருப்பிச் சொல்லி அவர்கள் வாயை அடைத்தான். வளர்த்தவனும் கைவிட்டபின் மதுரைக்குப் போய், பிச்சை ஏற்றுக் குருடரையும் முடவரையும் அழைத்து ஊட்டி, மிஞ்சியதை உண்டான். விடூடபன் கேட்டதும் ஆபுத்திரன் கேட்டதும் ஒரே வசை.

ஆகவே, அந்தப் பிள்ளை தன் தந்தையைக் கண்டது நன்றே. போகட்டும், பேசட்டும், அம்முகத்தில் தன் மூக்கையும் நெற்றியையும் காணட்டும். சீமையில் உடன்பிறந்தார் இருப்பின் அவர்களோடும் உறவாடட்டும். தந்தை தளர்ந்தவராயிருந்தால் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். ஒரு தோளில் தாயையும் மறுதோளில் தந்தையையும் நூறாண்டு சுமந்தாலும் பெற்றோர்க்குச் செய்யும் கைம்மாறு நிறையாது என்று அங்குத்தர நிகாயம் சொல்லும்போது, அதற்குக் காரணமாகக் காட்டுவது அவர்கள் பேணியதையும் ஊட்டியதையும் உலகைக் காட்டியதையும். அக்கணக்கில், சுரங்கத்து லைன் வீட்டில் தனியே நின்று, ஊரார் ஏச்சையும் தாங்கிப் பிள்ளையை ஆளாக்கிய தாயின் பங்கு எவ்வளவென்று பிள்ளைக்கே தெரியும். தந்தையிடம் மைத்திரி போதும்; தாயிடம் கடன் உண்டு. வெகுநாள் கழித்துக் கிடைத்த தகப்பனின் நிறத்தைக் கண்டு பெருமிதம் கொண்டு, அத்தாயின் பெயரைச் சொல்ல நாணினால்தான் அப்பிள்ளை நம்மைவிட்டு விலகியவனாவான். இதில் நம் பங்கும் உண்டு. அத்தாயை அன்று ஏசியவருள் நம்மவர் இல்லையா? இருந்திருப்பர். அதனால்தான் பிள்ளைகள் தகப்பன் பெயரைத் தேடி அலைகிறார்கள் போலும்.

நம் சங்கத்தின் உறுப்பினர் விண்ணப்பத்தில் தந்தை பெயருக்கு ஒரு கட்டமும், பூர்வ பௌத்த வமிசமா என்பதற்கு ஒரு கட்டமும் இருக்கின்றன. தாய் பெயருக்கு இடமில்லை. பல ஆண்டாக நாமே அதனை நிரப்பி வாங்கி வைத்திருக்கிறோம், கண்ணில் படவில்லை. வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் இரண்டாவது கட்டத்தை நீக்கவும், தாய் பெயரைச் சேர்க்கவும் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். மறுப்புடைய அன்பர்கள் அன்று வந்து தம் காரணத்தைக் கூறலாம். வினாவெழுப்பிய பெரியவருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறோம். அவர் யாரையேனும் உடன் அழைத்துவர விரும்பினால் அழைத்துவருமாறும் கேட்டிருக்கிறோம்.